பாலம் முடியும் இடத்தில் தொடங்கும் ஆபத்து



சாப்பா முறையை எதிர்த்து 1953இல் துறைமுகத் தொழிலாளர்கள் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்த மண் மட்டாஞ்சேரி. மேற்குக் கொச்சியின் தோப்பும்படியிலிருந்து துறைமுகம் அமைந்துள்ள வில்லிங்டன் தீவுக்கு உழைப்பாளிகளைக் கொண்டுசேர்ப்பவை அங்குள்ள பாலங்களே.

ஆங்கிலேயர் காலத்துத் துறைமுகப் பாலத்திற்கு அருகில், புதிய மட்டாஞ்சேரிப் பாலம் 2001இல் திறக்கப்பட்டது. தனியார் கட்டி, சுங்கம் வசூலித்து, பின்னர் அரசிடம் ஒப்படைக்கும் முறை அது. 2014 வரை சுங்கம் வசூலிக்கப்பட்டது. இம்முறையில் முதலீட்டாளரின் வருவாய் வாகனங்களின் எண்ணிக்கையைச் சார்ந்தது. நடந்து செல்பவரால் அவருக்கு வரவு இல்லை. மட்டாஞ்சேரியில் சுங்கச்சாவடி அகன்றுவிட்டது. பாலங்களை வாகனக் கணக்கில் மட்டுமே மதிப்பிடும் பார்வையோ நாடெங்கும் அகலவில்லை. 2023இல் சாலை விபத்துகளில் மாண்ட சுமார் 1.73 லட்சம் பேரில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். அதாவது ஐந்தில் ஒருவர்.

பாலத்தின் இரு முனைகளிலுள்ள அணுகுசாலைகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நடைபாதை அங்கே திடீரென முடிந்தால், நடப்பவர் வாகனங்களுக்கு நடுவே இறங்க நேரிடுகிறது. ஏற்றத்தில் மிதிவண்டி தள்ளாடுகிறது. இறக்கத்தில் வாகனங்கள் வேகமெடுக்கின்றன. பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் மிதிவண்டியின் மெல்லிய சக்கரம் சிக்குகிறது. மழையும் இருளும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது.

பராமரிப்பைக் கைகழுவினால் என்ன நேரும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி சாட்சி. 2022 அக்டோபர் 30 அன்று அங்கு தொங்கு நடைபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். பராமரிப்பு தனியார் நிறுவனத்திடம் விடப்பட்டிருந்தது. வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்ததைச் சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. ஒப்பந்தத்தால் பொறுப்பு கைமாறியதே தவிர, துரு நீங்கவில்லை.

பாதுகாப்பான நடைபாதை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: அணுகுசாலை முடியும்வரை தொடரும் நடைபாதை, உறுதியான கைப்பிடிச் சுவர், விளக்குகள், வேகத்தடையுடன் கூடிய கடவைகள், மூடப்பட்ட இணைப்பு இடைவெளிகள், ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படும் ஆய்வறிக்கை.

கட்சிக் கிளைகள் தத்தம் பகுதிப் பாலங்களை மழைநாளில், இருட்டிய பின் நடந்து பார்க்கட்டும், அகலத்தை அளக்கட்டும், அன்றாடம் கடப்போரிடம் கேட்டறியட்டும். அந்தக் குறிப்புகளோடு உள்ளாட்சி மன்றங்களின் கதவைத் தட்டுவது, அடுத்த விபத்துக்குப் பின் அல்ல, அதற்கு முன்பே நடக்க வேண்டிய பணி.