ஆழம் போனால் தண்ணீர் வருமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அஞ்சு நிமிஷம் பேசு" என்றார்கள். அதற்குள் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சிற்பிக்கு வேண்டியது விரிசல் இல்லாத பாறை. கிணறு வெட்டுகிறவருக்கோ விரிசல் உள்ள பாறைதான் வேண்டும். கடினப் பாறையில் துளைகள் மிகக் குறைவு. மேலே மக்கிய அடுக்கைத் தாண்டினால், தண்ணீர் விரிசல் வழியாகத்தான் நடமாட முடியும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பெரியப்பா நிலத்தில் போர் போட்டார். 400 அடியில் வெறும் ஈரம்தான். "என்னப்பா எஞ்சினியரு, இன்னும் போலாமா?" என்றார். "போங்க பெரியப்பா, ஆழம் போனா கிடைக்கும்" என்றேன். 900 அடி வரை போனார்கள். வந்தது கல்மாவு! கடனை அடைக்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்புறம்தான் பழைய பாடப் புத்தகத்தை எடுத்தேன். 900 அடி ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் பாரம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 74 கிலோ. விரிசலில் நிலமட்டம் வரை தண்ணீர் நின்றால், அது 27 கிலோ அளவுக்கு எதிர்த்துத் தாங்கும். மிச்சம் 47 கிலோதான் படுக்கை விரிசலை நெரிக்கிறது. இந்த மிச்சக் கணக்கை 1920-களில் மண்ணுக்கு வகுத்துத் தந்தவர் கார்ல் டெர்சாகி. விரிசலின் இடைவெளி பாதியானால், அதில் ஓடும் நீர் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் இறைக்க இறைக்க உள்ளே தாங்கி நின்ற நீரழுத்தம் குறைகிறது. பாறையின் பிடி இறுகுகிறது. அழுத்தம் ஏறினால் பிடி தளரும். 1967 டிசம்பர் 11-இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நடந்த நிலநடுக்கத்துக்கு, அணையில் தேங்கிய நீர் பாறைப் பிளவுகளில் இப்படி வேலை செய்ததே தூண்டுதல் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆழத்தில் தண்ணீரே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெரிய முறிவு ஒன்று சிக்கினால் வரும். ஆனால் அது முறிவின் புண்ணியம், ஆழத்தின் புண்ணியம் அல்ல. ஆகவே போர் வண்டியைக் கூப்பிடும் முன் பாறையைச் சோதித்துப் பாருங்கள். விரிசல் இருந்தும் ஊற்று மந்தமானால், உயரழுத்த நீர் செலுத்தி அதைத் திறந்துவிடும் முறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஏரியைத் தூர் வாருங்கள். மேலடுக்கில் நீர் நின்றால்தான் கீழே விரிசலுக்குப் போகும்.

தம்பி தங்கைகளே, பட்டம் வாங்கியதும் ஊரே உங்களிடம் யோசனை கேட்கும். தெரியாவிட்டால், "பாத்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால், பெரியப்பாவுக்கு 500 அடிச் செலவு மிஞ்சியிருக்கும்.