கணினி வலையமைப்புத் தொழிலுக்கு எந்தச் சான்றிதழ் முதலில்?

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் நிகழ்வில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கோயில் மேடையில் கணினியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. இவ்வாண்டு நம் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களில் பல, கணினி வலையமைப்புத் துறைக்கான சான்றிதழ்ப் படிப்புக்கு உதவி கேட்டு வந்தவை. அவற்றோடு ஒரு தனியார் பயிற்சி மையத்தின் கடிதமும் வந்தது. ஆறு மாதத்தில் ஐந்து சான்றிதழ்கள், ஒரே கட்டணம், பத்து மாணவர்களை அனுப்பினால் சலுகை என்று அதில் கண்டிருந்தது. நிர்வாகக் குழுவில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட அந்தத் திட்டத்தை நான்தான் தடுத்து நிறுத்தினேன். உண்டியலில் ஒரு வெள்ளி போடும் பாட்டியின் பணமும் நம் நிதியில் இருக்கிறது. ஆகவே ஏன் தடுத்தேன் என்பதை உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

கம்பியை நம்பிப் பிழைப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் இந்நாட்டு இரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் பழுது பார்த்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். நிலையங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் அமர்ந்தவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்தவர்கள் பலர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த குடும்பங்களுக்கு இது வீட்டுக் கதை. அன்று ஆங்கிலமும் தந்திக் குறியீடும் அறிந்தவருக்கு வேலை கிடைத்தது. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கி, சைபர்ஜெயா எழுந்த பிறகு, கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு வேலை என்றாகிவிட்டது. அந்த வாய்ப்பில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும் என்பதில் எனக்கு எவருக்கும் குறையாத ஆர்வம் உண்டு.

அந்த ஆர்வம்தான் ஒரு முறை என்னைத் தவறு செய்ய வைத்தது.

1999-ஆம் ஆண்டு. அப்போது நான் பள்ளி ஆசிரியர். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எஸ்.பி.எம். முடித்துவிட்டு வந்து, “ஐயா, அடுத்து என்ன படிக்கலாம்?” என்று கேட்டார். தந்தை கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர். எம்.சி.எஸ்.இ. என்ற மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் இருந்தால் சம்பளம் கொட்டும் என்று எல்லோரும் பேசிய காலம் அது. நானும் விசாரிக்காமல், பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் இயங்கிய ஒரு மையத்திற்கு அவரை அனுப்பினேன். கட்டணம் ஒன்பதாயிரம் வெள்ளி. தாயாரின் நகைகள் அடகுக்குப் போயின. அங்கே கருவிகளைத் தொட்டுப் பழகும் நேரம் மிகக் குறைவு. கேள்வி பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பையன் ஆறு தேர்வுகளிலும் தேறினார். நேர்முகத்தில் இரண்டு கணினிகளைக் காட்டி, “இது அதனோடு பேசவில்லை, ஏன் என்று பாருங்கள்” என்றார்களாம். கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. 2000-இல் புதிய விண்டோஸ் வந்தது, தேர்வுகளும் மாறின. அவர் ஷா ஆலமில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். நகையை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. பின்னர் ஒரு திருமண வீட்டில் பார்த்தபோது அவர் என்மீது கோபப்படவில்லை. “ஐயா சொன்னால் சரியாக இருக்கும் என்று சேர்ந்தேன்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி இன்னொரு நிகழ்ச்சி. சென்ற பங்குனி உத்திரத்தன்று நம் ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டு அச்சிடும் கருவி காலை பத்து மணிக்கு நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். வரிசை வாசல்வரை நீண்டது. இணையச் சேவையில்தான் கோளாறு என்று நாங்கள் எண்ணினோம். பண்டமாரானிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், “நான் பார்க்கலாமா, ஐயா?” என்றார். பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். ரூட்டர்தான் அதை வழங்குகிறது. நம் ரூட்டரிடம் இருந்தவை ஏறக்குறைய 250 எண்கள். விடியற்காலையிலிருந்து வந்த பக்தர்களின் கைத்தொலைபேசிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. எடுத்த எண் ஒரு நாள் முழுவதும் அவர்களுக்கே என்று ரூட்டரில் அமைக்கப்பட்டிருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் கொடுக்கும் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே பலரும் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்து வருபவருக்குக் கொடுக்க டோக்கன் இருக்காது அல்லவா? அதே கதைதான். சீட்டுக் கருவியை ஒரு முறை அணைத்துப் போட்டபோது, அதற்குக் கொடுக்க எண் இல்லை.

அவர் பக்தர்களின் தொலைபேசிகளைத் தனி வலையமைப்பில் விட்டார். அங்கே ஓர் எண் ஒரு மணி நேரத்திற்கு மட்டும் என்று மாற்றினார். சீட்டுக் கருவிக்கு நிலையான எண்ணை ஒதுக்கினார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. வலையமைப்புத் தொழில் என்பது இதுதான், மாணவர்களே. காரணத்தைத் தேடிப் பிடிக்கும் தொழில்.

அவர் எப்படிப் படித்தார் என்று விசாரித்தேன். எஸ்.பி.எம். முடிவு நன்றாக இல்லை. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலைவரை படித்தார். இரண்டாண்டுகள் கட்டடங்களில் கேபிள் இழுத்தார். வேலை செய்துகொண்டே சி.சி.என்.ஏ. தேர்வு எழுதி, முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினார். சான்றிதழ் ஒன்றுதான். ஆனால் அதில் உள்ளது அவர் கையிலும் இருக்கிறது.

இப்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். எதை முதலில் எடுப்பது?

கணினியைத் திறந்தே பார்க்காத பிள்ளைக்கு எஸ்.கே.எம். நல்ல தொடக்கம். எஸ்.பி.எம்-இல் தேறாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு. முதல் மூன்று நிலைகள் முடித்தபின் நான்காம், ஐந்தாம் நிலைகளில் திறன் டிப்ளோமாவும் உண்டு. அங்கீகாரம் பெற்ற மையங்களில் பயில்வோருக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. கடன் தருகிறது. கடன் என்பதைப் பெற்றோர்கள் மறக்கக் கூடாது. திருப்பிக் கட்ட வேண்டும்.

அடிப்படைக் கணினி அறிவு உள்ளவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ். இது எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத் தேர்வு. அலுவலகங்களில் பொதுவான கணினி உதவிப் பணிக்குச் செல்ல விரும்புவோருக்குப் பொருந்தும். மற்றொன்று சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ., 1998-இல் தொடங்கப்பட்டது. 120 நிமிடத் தேர்வு. ரூட்டர், சுவிட்ச் ஆகியவற்றைத் தாமே அமைக்கக் கற்க வேண்டும் என்பதால் சற்றுக் கடினம். வலையமைப்பையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இதை எடுக்கலாம் என்பது என் கருத்து. கட்டணம் 300 அமெரிக்க டாலர் அளவில் இருந்துவருகிறது. நம் பணத்தில் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். எனவே தயாராகாமல் போய் உட்காராதீர்கள்.

என் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம். முன்பு ஒருவர் ஏற்றதால் என்ன நேர்ந்தது என்று சொன்னேன். நீங்கள் வேலை செய்ய விரும்பும் ஊரில், பெட்டாலிங் ஜெயாவோ, ஷா ஆலமோ, சைபர்ஜெயாவோ, இருபது வேலை விளம்பரங்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அனுபவம் இல்லாதவருக்கான வேலைகளில் எந்தச் சான்றிதழை அதிகம் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். பயிற்சி மையத்தின் விளம்பரத்தைவிட அந்தத் தாள் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

ஐந்து சான்றிதழ்களை ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், இவை காலாவதி ஆகின்றன. நெட்வொர்க் பிளஸும் சி.சி.என்.ஏ-வும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். வேலை கிடைக்குமுன் ஐந்தை வாங்கினால் ஐந்திற்கும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். தேர்வுகளும் மாறும். 2020 பிப்ரவரியில் சிஸ்கோ தன் தேர்வுகளைத் திருத்தி, பல பிரிவுகளாக இருந்த சி.சி.என்.ஏ-வை ஒன்றாக்கியது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முந்தைய வழிகாட்டியை வாங்கிவிடாதீர்கள். 1990-களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் சான்றிதழுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. இன்று அதைக் கேட்பாரில்லை. என் மாணவர் நகையை அடகு வைத்து எடுத்த எம்.சி.எஸ்.இ-யை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் டி.சி.பி. ஐ.பி. விதிமுறை, 1983-இல் இணையத்தின் முன்னோடி வலையமைப்பில் நடைமுறைக்கு வந்தது, இன்றும் நம் சீட்டுக் கருவியில் இயங்குகிறது. அந்த அடித்தளத்தைக் கற்றவருக்கு எந்த நிறுவனத்தின் பெயர் மாறினாலும் பிழைப்பு உண்டு.

கற்பதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997-இல் தொடங்கியது. அதன் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பாக்கெட் டிரேசர் என்ற அவர்களுடைய மென்பொருளும் இலவசம். ரூட்டர் வாங்காமலேயே கணினித் திரையில் வலையமைப்பைக் கட்டி, கெடுத்து, சரிசெய்து பழகலாம். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருட்டுத்தனமாக வெளிவரும் வினாக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். பிடிபடாவிட்டாலும், இரண்டு கணினிகளைக் காட்டி ஒருவர் கேள்வி கேட்கும் நாள் வந்தே தீரும்.

நிர்வாகக் குழுவில் எல்லோரும் என்னோடு உடன்படவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. “பத்துப் பேருக்கு ஐம்பது சான்றிதழ் என்று மலரில் போட்டால் கொடையாளர்கள் மகிழ்வார்களே” என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். நீண்ட விவாதத்திற்குப் பின் ஓராண்டுச் சோதனையாக இவ்வாறு முடிவு செய்தோம். நம் நிதி ஒரு மாணவருக்கு ஒரு நேரத்தில் ஒரு தேர்வுக் கட்டணத்தை மட்டும் செலுத்தும். அதையும் மாணவரின் பெயரில் தேர்வுக்கே நேரடியாகக் கட்டும். அதற்கு முன் அவர் சனிக்கிழமைகளில் நம் மண்டபத்தில் நடக்கும் பயிற்சிக்கு வந்து, கெடுத்து வைத்த ஒரு வலையமைப்பை நம் கண்முன் சரிசெய்து காட்ட வேண்டும். பண்டமாரான் இளைஞர் பயிற்சி தர ஒப்புக்கொண்டுள்ளார். முதல் முறை தவறுபவருக்கு இரண்டாம் கட்டணத்தில் பாதியை நிதி ஏற்கும். அவரும் அப்படித்தானே தேறினார்.

கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் அலுவலகங்களில் கழித்துப் போடும் சுவிட்ச், ரூட்டர், கேபிள், பழைய கணினி எதுவானாலும் தூக்கி எறியாமல் ஆலயத்திற்குக் கொடுங்கள். நிறுவனம் நடத்துவோர், நம் பிள்ளைகளில் ஒருவரை இரண்டு மாதம் உடன் வைத்துப் பழக்குங்கள். நீங்கள் உபயமாக ஏற்கும் அன்னதானத்தைப் போலவே அதையும் கருதுகிறேன்.

1999-இல் நான் அனுப்பிய அந்த மாணவரின் மகள் இவ்வாண்டு விண்ணப்பித்திருக்கிறார். அவர் பெயரைப் பட்டியலில் கண்ட பிறகுதான் குழுவில் எழுந்து பேசும் துணிவு எனக்கு வந்தது. அவர் வரும் சனிக்கிழமை பயிற்சிக்கு வருகிறார். இம்முறை தாயாரின் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் அருளால் நம் பிள்ளைகள் நன்கு கற்று உயர வேண்டும் எனப் பிரார்த்தித்து அமர்கிறேன்.