மாடியிலே ஒரு தேன்பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தேனீ வளர்ப்பு என்றாலே நமக்கு மார்த்தாண்டம்தான் ஞாபகம் வரும். இப்போ டவுனிலேயும் மொட்டை மாடியில் கீரைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேன்பெட்டி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நம்ம குழுக்களிலும் சிலர், "அக்கா, கடன் போட்டுப் பத்துப் பெட்டி வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். நாலு வருஷமாக மாடியில் இரண்டு பெட்டி வைத்திருப்பவள் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

வளர்க்கலாம், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கடன் வேண்டாம், பத்தும் வேண்டாம்.

ஏன் என்று கேளுங்கள். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பு நுனியிலேயே இனிப்பு சுரக்கும். அங்கே வரிசையாகப் பெட்டி வைத்தாலும் தாங்கும். நம்ம தெருவில் என்ன இருக்கிறது? நாலு முருங்கை, பத்துத் தென்னை, ரோட்டோரம் புங்கையும் வேம்பும். பெட்டியில் வளர்க்கிற நம்ம இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில்தான் தீனி தேடும். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு பூவோ அவ்வளவுதான் தேன். நல்ல பூ இருந்தால் ஒரு பெட்டியில் வருஷத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடுக்கலாம். அதே தெருவில் பத்துப் பெட்டி வைத்தால் எல்லாமே பட்டினிதான்.

இன்னொன்று. வட்டி மாசாமாசம் வரும், தேன் மாசாமாசம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீ வெளியே போகவே முடியாது. அப்போ சர்க்கரைப் பாகு வைத்து நாம்தான் காப்பாற்றணும். பசி வந்தாலோ, எறும்பு ஏறினாலோ, மெழுகு அந்துப்பூச்சி அடையைத் தின்றாலோ, கூட்டம் முழுக்கப் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். நோயும் வரும். 1991-ல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோயில், பரம்பரையாக வளர்த்தவர்களே பெரும்பாலான பெட்டிகளை இழந்தார்கள். குழுப் பணத்தைப் போடுமுன் இதை யோசிக்கணும்.

அதனால் சொந்தச் சேமிப்பில் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். அதற்கும் முன்னால் பயிற்சி எடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பெட்டியை நிழலில் வையுங்கள். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது. வாரம் ஒருமுறை வெயில் ஏறுமுன் திறந்து, இராணி முட்டை வைக்கிறதா, புழு நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தேன் எடுக்கும்போது மேல் அறையில் மட்டும் எடுங்கள். கீழ் அறையில் இருப்பது அதுகளுடைய சோறு. செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

அக்கம்பக்கத்தைக் கேட்காமல் பெட்டி வைக்காதீர்கள். வாசல் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் பார்த்து இருக்கணும். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். யாருக்காவது மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பெரியவர்கள் சொன்னாலும் வேண்டாம்.

சரி, லாபம் என்ன என்று கேட்பீர்கள். வீட்டுக்குக் கலப்படமில்லாத தேன். மாடியில் பூசணியும் பாகலும் காய் பிடிக்கும், ஏனென்றால் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்கு யாராவது கொண்டுபோகணுமே! ஒரு வருஷம், மழையும் கோடையும் தாண்டி உங்கள் பெட்டி நின்றுவிட்டால், அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்தையே பிரித்து இரண்டாவது பெட்டி செய்யலாம். காசு கொடுத்துத் தேனீ வாங்க வேண்டியதில்லை. தேன் மிஞ்சினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, குழுவாகச் சேர்ந்து விற்போம்.

நாமும் ஆரம்பத்தில் சின்னத் தொகை சேமித்துத்தானே இந்தக் கூட்டமைப்பு வரைக்கும் வந்தோம்? பெட்டியும் அப்படியே பெருகட்டும். விருப்பமுள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். சேர்ந்தே பயிற்சிக்குப் போவோம்.