சிலிண்டரைப் பார்க்காதீர்கள், வால்வைப் பாருங்கள்

பழவேற்காட்டிலிருந்து வந்து பேசுகிறேன். கண்ணாடித் தொட்டியில் செடி வளர்க்க வெளிச்சம், உரம், கரியமில வாயு மூன்றும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவதுதான் தண்ணீரில் பெரும்பாலும் போதாது. அதை எந்த வழியில் கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விடுமுறை நாளில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் நின்று பாருங்கள். பையன்கள் செல்போனில் ஜப்பான்காரர் தகாஷி அமானோவின் தொட்டிப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்ணா" என்று கேட்பார்கள். அமானோ மகா கலைஞர். இறந்துபோன அதே 2015-ஆம் ஆண்டில்தான் லிஸ்பன் நகரக் காட்சிச்சாலையில் 40 மீட்டர் நீளத்துக்கு, 1,60,000 லிட்டர் தண்ணீரில் ஒரு காட்டையே எழுப்பினார். ஆனால் அந்தப் படங்களில் காடுதான் தெரியும், காட்டுக்குக் காற்று போகும் குழாய் தெரியாது. பையன்கள் பளபளக்கும் சிலிண்டர், கலர் மாறும் விளக்கு, போனில் தட்டினால் திறக்கும் பெட்டி என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாயுவை அளந்து விடும் வால்வு எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் சொல்வது இதுதான்: சிலிண்டரைப் பார்க்காதீர்கள், வால்வைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் தொட்டிக்குத் தனியாக வாயு கொடுக்க வேண்டுமா? கரையோரத்து போர் தண்ணீர் கடினத் தண்ணீர். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா மாதிரிச் செடிகள் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையே எடுத்து வளர்ந்துவிடும். சிலிண்டரே தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சிவப்பு ரொட்டாலா மாக்ராண்ட்ரா போன்றவைதான் வாயு இல்லாவிட்டால் கீழிலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். எங்கள் பழவேற்காடு ஏரித் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். ஆரணியாறும் காளங்கியும் பெருகி வரும்போது அதில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும், முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கடையில் விற்கும் செடிகளில் பெரும்பாலானவை அதில் பிழைக்காது.

சரி, வாயு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் இருக்கிறது. கணக்குப்படி 100 கிராம் சர்க்கரை கிட்டத்தட்ட 50 கிராம் வாயு தர வேண்டும். ஆனால் நம் வெயிலில் ஈஸ்ட் தலைகால் தெரியாமல் பொங்கிவிட்டுச் சீக்கிரமே அடங்கிவிடும். இரவில் நிறுத்தவும் வழியில்லை. எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும் கலக்கும் முறை அதைவிடத் தேவலை. இரண்டிலும் 200 கிராம் போட்டால் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வாயு வரும், வால்வு வைத்து மூடலாம். சின்னத் தொட்டிக்குப் போதும். "திரவ கார்பன்" என்று புட்டியில் விற்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்க ஊற வைக்கும் மருந்து. பாசியைக் கொல்லும், வாலிஸ்நேரியாவையும் சேர்த்துக் கரைத்துவிடும். கரியமில வாயுவின் வேலையை அது செய்யாது.

கொஞ்சம் பெரிய தொட்டி என்றால் சிலிண்டர்தான். அதில் என் உயிர் இருப்பது ஊசி வால்வில்.

சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல எழுபது மடங்குக்கு மேல். ரெகுலேட்டர் அதை ஓரிரு மடங்குக்கு இறக்கும். அந்த மிச்சத்தைக் குமிழ் குமிழாக எண்ணி விடுவது ஊசி வால்வு. நுனி கூர்ந்த ஒரு கம்பி, அது போய் உட்கார ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான் சாமான். ஆனால் அந்தக் கம்பியின் சரிவும் மரையின் நெருக்கமும்தான் எல்லாமே. நல்ல வால்வில் அரைச் சுற்றுத் திருப்பினாலும் குமிழ் கொஞ்சம்தான் கூடும். மட்டமானதில் நகம் பட்டாலே நொடிக்கு ஒன்று என்பது பீறிட்டு அடிக்கும்.

என்னிடம் இருப்பது பழைய சாமான் கடையில் கிடைத்த, ஏதோ ஆய்வகத்தில் கழித்துவிட்ட பித்தளை வால்வு. உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கிறது. துணியால் துடைத்து, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். எவர்சில்வர் வால்வுதான் கடலோரத்துக்கு நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இன்று வைத்த குமிழ் நாளையும் அதே குமிழாக வருகிறது, எனக்கு அது போதும். என் பெரியப்பா கட்டுமரத்தில் போனவர். ஒருநாள் குமிழ் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டா, மீனுக்கு சோடா குடுக்குறியா?" என்றார். "ஆமா பெரியப்பா, அளந்து குடுக்கிறேன்" என்றேன்.

கடையில் வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். நொடிக்கு ஒரு குமிழ் வையுங்கள். மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டை நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். பழைய வேகத்துக்கே திரும்புகிறதா? திரும்பாவிட்டால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கூடவே இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் சிலிண்டர் தீரும் நேரத்தில் வெளியே வரும் அழுத்தம் ஏறும். வால்வும் மட்டமாக இருந்தால் மிச்ச வாயு மொத்தமும் தொட்டிக்குள் இறங்கிவிடும். சென்னையில் ஒரு வீட்டில் அப்படித்தான் விடிகாலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாய் பிளந்து நின்றன. அந்த வீட்டுக்காரர் சிலிண்டரின் பளபளப்பைத்தான் பார்த்து வாங்கியிருந்தார். மறுபடியும் சொல்கிறேன், வால்வைப் பாருங்கள்.

ரெகுலேட்டரில் இருக்கும் முள்ளை நம்பி அளவு சொல்லாதீர்கள். திரவம் இருக்கும்வரை முள் இறங்காது, இறங்கத் தொடங்கினால் வாயு தீரப் போகிறது. எவ்வளவு மிச்சம் என்று அறிய, சமையல் கேஸைத் தூக்கிப் பார்ப்பதுபோல எடை போடுவதே வழி. 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் வேறு, வாயு வேறு என்ற பிரிவே கிடையாது. வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் சிலிண்டரை ஜன்னலோரம் வைப்பவரை என்னவென்று சொல்ல?

எத்தனை குமிழ் விடுவது? அடுத்த வீட்டுக் கணக்கு உங்களுக்கு ஆகாது, குமிழின் அளவே கருவிக்குக் கருவி மாறும். வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் வையுங்கள். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் அதிகம், பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். பிஹெச் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். கார்பனேட் கடினம் 4 உள்ள தண்ணீரில் பிஹெச் 6.6-க்கு இறங்கினால் கிடைக்கும் அதே அளவு, கடினம் 12 உள்ள போர் தண்ணீரில் 7.1-லேயே கிடைத்துவிடும்.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்லவே வேண்டாம். குட்டையில் சாயங்காலம் பிஹெச் ஏறும், விடிகாலையில் இறங்கும். பகலில் பாசி வாயுவை உண்கிறது, இரவில் எல்லா உயிரும் சேர்ந்து அதை வெளிவிடுகிறது. தொட்டியிலும் அதே கதைதான். ஆகவே விளக்கு அணையும்போது வாயுவும் நிற்க வேண்டும். சோலினாய்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கரண்ட் போனால் அது தானாகவே மூடிக்கொள்ளும், எங்கள் பக்கத்தில் அது சின்ன உதவி இல்லை.

சிலிண்டர் நிரப்ப எங்கே போவது என்று கேட்பீர்கள். தீயணைப்புக் கருவி நிரப்பும் கடையில் கேளுங்கள், சோடா கம்பெனிக்காரரிடம் விசாரியுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை நடந்த தேதி சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிமிர்த்தி வைத்துச் சுவரோடு கட்டுங்கள். ஒரு கிலோ கசிந்தால் 500 லிட்டருக்கு மேல் வாயு. காற்றைவிடக் கனமானது, அறையில் தரையோடு தேங்கும். பாயில் படுத்துத் தூங்கும் வீட்டில், படுக்கும் அறைக்குள் சிலிண்டரை வைக்கவே வைக்காதீர்கள்.