நாயின் காயமும் நம் கையும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாய் இல்லாத லயம் நம்மிடம் குறைவு. இரவில் மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினாலும், வாசல் பக்கம் சிறுத்தை வந்தாலும் முதலில் குரைத்துச் சொல்வது அதுதான். அதற்கு ஒரு காயம் என்றால் நாம் என்ன செய்கிறோம்? மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம், அடுப்புச் சாம்பல் போடுகிறோம், பழைய என்ஜின் ஒயில் பூசுகிறோம். இவை புண்ணை எரிக்கும், அழுக்காக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

மருந்தைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கேட்போம்: காயம் எப்படி வந்தது?

முள்ளுக்கம்பியோ கவ்வாத்துக் குச்சியோ கீறிய சிறு காயம் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வலியில் நம் நாயும் கடிக்கும். அதனால் வாயைத் துணியால் மெதுவாகக் கட்டுவோம், மூச்சு விட இடம் வைத்து. கையில் சுத்தமான சொப்பிங் பேக்கையாவது மாட்டுவோம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து, பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்போம். சுற்றியுள்ள மயிரை வெட்டுவோம். கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காலை மாலை கழுவி, துணியால் ஒற்றி எடுப்போம். நக்க விடக்கூடாது. ஈ மொய்க்கவும் விடக்கூடாது. மொய்த்தால் புழு வைக்கும்.

நாய்க்குப் பெனடோல் கொடுக்காதீர்கள். அது நாய்க்கு விஷமாகலாம். காயம் ஆழமாக இருந்தால், கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், இரத்தம் நிற்காவிட்டால், சீழோ புழுவோ நாற்றமோ வந்தால், நாய் சாப்பிடாமல் படுத்தால், மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

வேறு நாயோ காட்டு மிருகமோ கடித்த காயம் என்றால் வெறுங்கையால் தொடவே வேண்டாம். பிள்ளைகளைக் கிட்ட விடவும் வேண்டாம். விசர்நோய் எச்சிலில்தான் பரவுகிறது. நாயைக் கட்டி வைத்துவிட்டு, அரச மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ உடனே சொல்வோம்.

நம் கையில் கடி பட்டால், கீறல் உள்ள இடத்தில் எச்சில் பட்டால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குக் காசில்லை. ஆனால் நம்மில் பலர் போவதில்லை. ஒரு நாள் பெயர் போய்விடுமே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு மலைக்கு ஏறுகிறோம். போன பெயரை அடுத்த மாதம் பிடிக்கலாம். விசர்நோய் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்ற முடியாது. கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போக நிர்வாகம் தடை சொன்னால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அது சங்கத்தின் வேலை.

கடைசியாக ஒன்று. நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போட வேண்டும். கொழுந்து நாளில் ஊசி போட வந்தால் நாயைப் பிடித்துக் கொடுக்க லயத்தில் யார் இருப்பது? ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் எழுதி, ஞாயிற்றுக்கிழமையில் வரும்படி கேட்போம். எல்லா லயத்து நாய்களையும் அன்று கொண்டு வருவோம்.