திறப்பில் நின்ற தளபதி

 படைத்தலைவனின் வீரம் என்றதும் பாய்ந்து தாக்குவதைத்தான் நாம் புகழ்ந்து பழகியிருக்கிறோம். பின்னால் வருகிறவனுக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பவனே முதல் வீரன் என்பேன் நான். அதற்குச் சாட்சி லெப்டினன்ட் கர்னல் லோர்ன் மெக்லேன் காம்பெல். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் அண்ட் சதர்லாந்து ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் 7-ஆம் பட்டாலியனுக்குத் தலைவராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1940-இல் பிரான்ஸில் எதிரிகளின் வரிசைகளுக்கு நடுவே சுமார் 200 வீரர்களை மீட்டு வந்தவர்.

1943 ஏப்ரல் 6, துனிசியாவின் வாடி அகாரிட். கண்ணிவெடி வயலையும் டாங்கித் தடுப்பு அகழியையும் கடந்து, எதிர்க்கரையில் காலூன்ற வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவருடைய பட்டாலியன் உள்ளே புகுந்து, அறுநூறு பேரையாவது சிறைப்பிடித்துவிட்டது. ஆனால் அகழியில் வெடிவைத்துத் திறந்த இடமும், கண்ணிவெடிகளை அகற்றிப் போட்ட வண்டிப்பாதையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை! பாதை வழியே வரும் பீரங்கி அகழியின் ஓரத்தில் நின்றுவிடும். அக்கரையில் இருக்கும் காலாட்படை டாங்கிகளின் எதிரே வெறுங்கையோடு நிற்கும். இதை உணர்ந்ததும், குண்டு மழைக்கு நடுவே தாமே சென்று டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு வழி ஏற்படுத்தினார். மாலையில் எதிரிகளின் தாக்குதல் உக்கிரமானபோதும், சண்டை கடுமையாக இருந்த முன்வரிசையில்தான் நின்று சண்டையை நடத்தினார். கழுத்தில் பட்ட காயத்துக்குச் சண்டை ஓய்ந்த பிறகே கட்டுப்போட விட்டார். களத்தைவிட்டுப் போக அப்போதும் மறுத்துவிட்டார். இதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது.

தலைவனே முன்னே போய் மாண்டால் படை என்னாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அன்று அந்தத் திறப்பு அடைபட்டிருந்தால், காப்பாற்ற ஒரு படையே மிஞ்சியிருக்காது. சாமானியச் சிப்பாய் சாக, விருது அதிகாரிக்கா என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. அதே வாடி அகாரிட் சண்டைக்காக இன்னும் இருவர் இதே விருதைப் பெற்றார்கள். காயம்பட்ட மூவரைத் தூக்கி வந்து, நான்காமவருக்கு உதவும்போது உயிர்விட்ட பிரைவேட் எரிக் ஆண்டர்சன் ஒருவர். இந்திய 4-ஆம் டிவிஷனின் கூர்க்கா சுபேதார் லால்பகதூர் தாபா மற்றவர். ஆகவே அன்பர்களே, காம்பெலைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.