வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கால் மணி நேரம் பேசு, தெர்மோடைனமிக்ஸ் மட்டும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் தூங்கிடுவாங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ் பணிமனையில் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஏன் சார், நம்ம வண்டி இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" வண்டியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வைத்திருப்பவர் அதை எப்படி ஓட்டுகிறார் என்றும் தெரிய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

ஒருவர் அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டைச் சேர்ந்த இர்வ் கார்டன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். 1966-ல் ஒரு வோல்வோ பி1800எஸ் கார் வாங்கினார். அவருடைய ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம் அதற்கே போய்விட்டது. பள்ளிக்குப் போய்வர தினமும் 125 மைல், அதாவது 200 கி.மீ. அதே காரில் 1987-ல் 10 லட்சம் மைல், 2002-ல் 20 லட்சம், 2013-ல் அலாஸ்காவில் வைத்து 30 லட்சம் மைல் தாண்டினார். கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தார். 2018-ல் அவர் காலமானபோது வண்டி 32 லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருந்தது. நம் கணக்கில் 51 லட்சம் கி.மீ. இன்ஜினை முதல் தடவையாகப் பிரித்துச் சீர் செய்ததே ஆறரை லட்சம் மைலுக்குப் பிறகுதான்.

இன்னொருவர் கிரேக்க நாட்டில் தெசலோனிகி நகரத்து டாக்ஸிக்காரர், கிரெகோரியோஸ் சாகினிடிஸ். 1976-ம் வருஷத்து மெர்சிடிஸ் 240டி டீசல் காரை 1981-ல் பழைய வண்டியாக வாங்கினார். அப்போதே அது 2,20,000 கி.மீ. ஓடிய வண்டி. 2004-ல் அது மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனபோது மீட்டர் கணக்கு 46 லட்சம் கி.மீ.! வாத்தியாரைப் போல இவர் ஒரே இன்ஜினோடு ஓட்டவில்லை. மாற்று இன்ஜின்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றிச் சீர் செய்யும்போது இன்னொன்றை மாட்டி ஓட்டினார்.

"சார், வெளிநாட்டு வண்டி, அதான் தாங்குது" என்று சொல்ல வேண்டாம். அந்த மாதிரி வோல்வோவும் மெர்சிடிஸும் ஆயிரக்கணக்கில் வந்தன. மற்றவை எல்லாம் எங்கே? உறுதியான வண்டிகள்தான், மறுக்கவில்லை. வோல்வோவின் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். மெர்சிடிஸ் டீசல் அவசரமே படாத நிதானப் பிறவி. ஆனால் அது பாதிக் காரணம்தான்.

மீதிப் பாதி என்ன? கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாத்தியார் ஐம்பத்திரண்டு வருஷத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 270 கி.மீ. ஓட்டியிருக்கிறார். டாக்ஸிக்காரர் 500 கி.மீ.க்கு மேல். இரண்டு பேர் வண்டியும் பெரும்பாலான நேரம் சூடாகவே ஓடியிருக்கிறது. முக்கியமான விஷயம் இதுதான்.

இன்ஜின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதும், சூடேறுகிற முதல் சில நிமிஷங்களிலும்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே சம்ப்புக்கு இறங்கியிருக்கும். பம்ப் அதை மேலே ஏற்றும்வரை பாகங்களின் மேல் மெல்லிய படலம்தான். போதாததற்கு, பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் அந்த ஈரமும் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். சூடாகும் முன்பே அணைத்துவிட்டால் இரண்டும் ஆயிலிலேயே தங்கிவிடும். நாளாவட்டத்தில் அமிலமாகும், கருப்புக் களியாகும்.

நம் பேட்ச் நண்பர் ஒருவர் (இதே அரங்கத்தில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்) ரிட்டயர் ஆனபின் காரைக் காலையில் காய்கறி மார்க்கெட்டுக்கும் சாயங்காலம் கோயிலுக்கும் மட்டும் எடுப்பார். ஒரு தடவைக்கு மூன்று கிலோமீட்டர். "ஓட்டமே இல்லையே" என்று ஆயில் மாற்றி இரண்டரை வருஷம். 58,000 கி.மீ.யில் இன்ஜினில் கடகட சத்தம். வால்வு கவரைத் திறந்தால் உள்ளே மெழுகு உருக்கி ஊற்றினாற்போல் களி. அதே மாடல் வண்டியை எங்கள் தெரு முனையில் ஒரு தம்பி வாடகைக்கு ஓட்டுகிறார். 4 லட்சம் கி.மீ. தாண்டியும் ஸ்டார்ட் செய்தால் பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் கேட்காது. அந்தத் தம்பி காலையில் ஒரு தடவை கிளப்பினால் ராத்திரிதான் அணைக்கிறார். ஆயில் மாற்றும் தேதியை முருகன் படத்துக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்.

காரோடு வரும் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் பிரித்திருக்கிறோம்? பல கம்பெனிப் புத்தகங்களில் சர்வீஸ் அட்டவணை இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண உபயோகத்துக்கு. மற்றது கடுமையான உபயோகத்துக்கு. கடுமை என்றால் மலைப்பாதை என்று நினைக்காதீர்கள். குறைந்த தூரம், புழுதி, வெயில், நின்று நின்று போகும் டிராஃபிக், இவைதான் கடுமை. அதாவது நம் ஊர்! நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது அட்டவணை. அதில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதற்கு மாற்ற வேண்டும். கார்டன் வாத்தியார் 3,000, 3,500 மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியவர். இன்றைய ஆயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை. அந்த ஒழுங்குதான் தேவை.

ஆயிலுக்கு அடுத்தது ரேடியேட்டர். போர் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும். கூலன்ட் துரு பிடிக்காமலும் காக்கிறது, அந்தச் சக்தியும் சில வருஷத்தில் தீர்ந்துவிடும். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நல்ல இன்ஜினையும் பத்து நிமிஷத்தில் கொல்லும் வழி அது. அதேபோல, டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அது ரப்பர், கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும்.

மூன்றாவது, சின்னக் குறையை உடனே கவனிப்பது. பணிமனையில் டிரைவர்கள் அன்றாடம் குறையை எழுதி வைக்க ஒரு நோட்டு இருக்கும். "பிரேக் லேசா இழுக்குது", "இடப்பக்கம் சத்தம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் தப்பித்த இன்ஜின்கள் எத்தனையோ. வீட்டுக் காருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். பெரும்பாலான கார்கள் தேய்ந்து சாவதில்லை. பத்துச் சின்ன வேலைகள் சேர்ந்து ஒரு பெரிய பில்லாகி, "இதுக்கு மேல செலவு பண்ண வேண்டாம்" என்று யாரோ முடிவெடுக்கும் நாளில்தான் சாகின்றன. 2014 வரை தயாரான நம் அம்பாசடர் ஏன் அத்தனை வருஷம் ஓடியது? எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைத்தது, எந்த மெக்கானிக்குக்கும் வேலை தெரிந்தது. அந்தச் சின்னப் பில் சின்னதாகவே இருந்தது.

இப்போது இந்த அரங்கத்தில் பலருக்குச் சொல்ல வேண்டியது. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த கார் உறை போட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. "பத்து வருஷத்தில் 20,000 கி.மீ.தான், புதுசு மாதிரி" என்று பெருமை. புதுசு இல்லை, ஐயா! பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். டயர் ஓடாமலே வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. டிரெட் பளபளப்பாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட டயரோடும் பிரேக்கோடும் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில் வண்டியில் இருக்கப் போவது நீங்களும் உங்கள் வீட்டம்மாவும்தான்.

ஆகவே வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம், ஊருக்கு வெளியே, இன்ஜின் சூடாகும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் கிளப்பி அணைப்பது உதவாது. நான் சொன்ன களியைத்தான் அது வளர்க்கும். ஓட்ட முடியாத நிலை என்றால், உறை போட்டு வைப்பதைவிட ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுவது வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெடுநாள் ஓடுகிற வண்டியெல்லாம் பத்திரமான வண்டி ஆகிவிடாது. 1966-ம் வருஷத்து வோல்வோவில் ஏர்பேக் கிடையாது. அடித்தட்டில் துரு ஓட்டை போட்ட வண்டியை, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பேரப்பிள்ளைகளை ஏற்றி ஓட்டக் கூடாது. நம் பதிவுச் சான்று பதினைந்து வருஷம். அதைப் புதுப்பிக்கும் சமயத்தில் சடங்குக்கு எஃப்.சி. காட்டாமல், நல்ல மெக்கானிக்கை அழைத்து வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். போகிற காலம் வந்துவிட்டது என்றால் மரியாதையாக அனுப்பிவையுங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் காபி குடித்ததும் கார் புத்தகத்தைத் தேடி எடுங்கள். இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். கடைசியாக ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிய தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதி நினைவுக்கு வரவில்லையோ, அந்த வேலையை அந்த வாரமே முடித்துவிடுங்கள். அடுத்த சந்திப்புக்கு அதே வண்டியில் குடும்பத்தோடு சுகமாக வந்து சேருங்கள்.